பதிவேட்டிலிருந்து பாய்க்கு: முன்பருவக் கல்வியில் தரவைப் பயன்படுத்தத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அவற்றுள் எந்த மையத்துக்குள் நுழைந்தாலும் பதிவேட்டுக்குப் பஞ்சமில்லை. குழந்தைகளின் வருகை, மாதாந்தர எடை, சத்துமாவு வழங்கியது, தடுப்பூசி, வீடுவாரிக் கணக்கெடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு உண்டு. 2021ஆம் ஆண்டிலிருந்து ‘போஷன் டிராக்கர்’ என்னும் கைப்பேசிச் செயலியும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. இத்தனை எண்களும் மையத்திலிருந்து வட்டாரத்துக்கும் மாவட்டத்துக்கும் தலைநகருக்கும் ஒழுங்காக ஏறிப் போகின்றன. ஆனால் அவற்றுள் ஒன்றாவது திரும்பி இறங்கி வந்து, மையத்தின் பாயில் உட்கார்ந்திருக்கும் நான்கு வயதுக் குழந்தையின் அடுத்த வாரத்தை மாற்றுகிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே விடை.

அந்த இறக்கத்தை எப்படி ஏற்படுத்துவது என்பதைப் பற்றியது இக்கட்டுரை. புதிதாகப் பொறுப்பேற்ற மேற்பார்வையாளர், தன்னார்வ அமைப்பொன்றில் முதன்முறையாகக் களத்துக்குச் செல்பவர், ஆய்வேட்டுக்காக மையங்களைத் தேர்ந்தெடுத்திருக்கும் மாணவர், சிறிய மழலையர் பள்ளி ஒன்றை நடத்துபவர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கணினியும் புள்ளியியல் பட்டமும் தேவையில்லை. ஒரு கோடு போட்ட நோட்டும், கடிகாரமும், பொறுமையும் போதும்.

முதற்படி: முடிவிலிருந்து தொடங்குதல்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, எதைப் பதிவு செய்யலாம் என்று பட்டியல் போடத் தொடங்குவது. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த எண் கைக்கு வந்தால் யார், எந்த நாளில், எதை மாற்றிச் செய்வார்? இதற்கு விடை இல்லாத எண்ணைச் சேகரிக்க வேண்டாம். பணியாளரின் நேரம் அதற்குச் செலவாகும், அந்த நேரம் குழந்தைகளுடையது.

இதை நன்றாகச் செய்துகாட்டிய முன்னோடி ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. 1980ஆம் ஆண்டு உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டு முழுவதும் உணவு கொடுக்கும் வழக்கமான முறையை விட்டுவிட்டு, எடை போதிய அளவு ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தார்கள். எடை சரியாக ஏறியதும் நிறுத்தினார்கள். எந்த எண் வந்தால் என்ன செய்வது என்பது தராசைத் தொடுவதற்கு முன்பே முடிவாகியிருந்தது. அதனால் கிராமத்து ஊட்டச்சத்துப் பணியாளர் ஒருவரே, மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், தம் வளர்ச்சி வரைபடத்தைப் பார்த்து நடவடிக்கை எடுக்க முடிந்தது. அந்தத் திட்டத்தின் பிற கூறுகளைப் பற்றி விவாதங்கள் உண்டு, ஆனால் இந்த ஒரு கூறை முன்பருவக் கல்விக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எனவே நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். ‘குழந்தைகளின் தரத்தை உயர்த்துவது எப்படி’ என்பது கேள்வியாகாது. ‘நான்கு வயதுக் குழந்தைகள் கதையைக் கேட்டுவிட்டுத் தாமாக இரண்டு வாக்கியம் பேசுவதற்கு நாள்தோறும் வாய்ப்புக் கிடைக்கிறதா, கிடைக்கவில்லையெனில் எந்த நேரத்தை அதற்கு ஒதுக்கலாம்’ என்பது கேள்வி. அதற்கு விடை கிடைத்த மறுநாளே மையத்தில் ஏதாவது ஒன்று மாறும்.

இருக்கும் பதிவேடுகளைப் படித்துப் பார்த்தல்

புதிய படிவம் அச்சடிப்பதற்கு முன், ஏற்கெனவே உள்ள நோட்டுகளோடு ஒரு முழு நாள் உட்காருங்கள். அவற்றுள் மூன்றை மட்டும் பார்த்தால் போதும்.

முதலாவது பிறந்த தேதி. இந்த வயதில் சில மாத வித்தியாசம்கூடப் பெரிய வித்தியாசம். 37 மாதக் குழந்தையும் 58 மாதக் குழந்தையும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். வயதை மாதத்தில் கணக்கிடாமல் இருவரையும் ஒப்பிட்டால் வரும் முடிவு வயதைப் பற்றியதாக இருக்குமே தவிரக் கற்றலைப் பற்றியதாக இருக்காது. பதிவேட்டில் ஒரே மாதத்தில் பல பிறந்தநாள்கள் குவிந்திருந்தால் ஐயப்படுங்கள், தாய் சேய் நல அட்டையையோ பிறப்புச் சான்றிதழையோ பார்த்துத் திருத்துங்கள்.

இரண்டாவது எடை. எடையின் தசமப் புள்ளிக்குப் பின் வரும் எண்ணை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். தராசைப் பார்த்து உண்மையாக எழுதியிருந்தால் 0 முதல் 9 வரை எல்லா எண்களும் கலந்து வரும். 0-வும் 5-உம் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் அவையாகவே இருந்தால், எடை கண்ணால் மதிப்பிடப்பட்டிருக்கிறது, அல்லது போன மாத எண்ணில் சிறிது கூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அதற்காக உடனே பணியாளரைக் கடிந்துகொள்ளத் தேவையில்லை. தராசு பழுதாகி எத்தனை மாதமாகிறது என்று முதலில் கேளுங்கள். உயரத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் படுக்க வைத்தும், அதற்கு மேற்பட்ட குழந்தையை நிற்க வைத்தும் அளக்க வேண்டும். முறை மாறினால் சுமார் 0.7 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சித் தரநிலைகள் கணக்கில் கொள்கின்றன.

மூன்றாவது வருகை. மாத வருகைச் சராசரியை விட்டுவிட்டு, எந்தக் கிழமையில், எந்த வாரத்தில், எந்தக் குழந்தை வரவில்லை என்று பாருங்கள். அறுவடைக் காலத்தில் தாயுடன் வயலுக்குப் போகும் குழந்தையும், அண்ணன் பள்ளிக்குப் போகாத நாளில் மட்டும் வராத குழந்தையும் வெவ்வேறு தீர்வுகளைக் கேட்பவர்கள்.

நேரத்தை அளத்தல்

என் பார்வையில் இந்த வழிகாட்டியின் நடு முதுகெலும்பு இந்தப் படிதான். தரவு என்றதும் எல்லோரும் குழந்தையைச் சோதிக்கத்தான் கிளம்புகிறார்கள். குழந்தை என்ன கற்றது என்று கேட்பதற்கு முன், குழந்தைக்குக் கற்பிக்க எத்தனை நிமிடம் கிடைத்தது என்று கேட்க வேண்டும். சமைக்காத சோற்றின் உப்பைச் சரிபார்த்துப் பயனில்லை.

செய்யும் முறை எளியது. காலை 9.30 மணி முதல் 12.30 மணி வரை ஓரமாக உட்காருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து, அந்தக் கணத்தில் பணியாளர் என்ன செய்கிறார், உதவியாளர் என்ன செய்கிறார், குழந்தைகளில் பாதிப்பேருக்கு மேல் என்ன செய்கிறார்கள் என்று மூன்று கட்டங்களை நிரப்புங்கள். ஐந்து வகைகள் போதும்: குழந்தைகளோடு ஆட்டம், பாட்டு, கதை, கைவேலை போன்ற கற்றல் செயல்; உணவு, கைகழுவல், கழிப்பறை; பதிவேடு அல்லது கைப்பேசி; பெற்றோர், கர்ப்பிணிகள், பார்வையாளர்களோடு பேச்சு; மையத்தில் இல்லாமை. மூன்று மணி நேரத்தில் 36 பதிவுகள் கிடைக்கும். அவற்றுள் கற்றல் செயல் 7 முறைதான் வந்தது என்றால், 180 நிமிடத்தில் ஏறக்குறைய 35 நிமிடம் கற்பித்தல் நடந்தது என்று கொள்ளலாம்.

இதை ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். நான் முதன்முதலில் உற்றுநோக்கச் சென்ற மையத்தில் அன்று காலை முழுவதும் பாட்டும் ஆட்டமும் அமர்க்களப்பட்டன. நான் நிரப்பிய தாளைப் பார்த்துவிட்டு அந்தப் பணியாளரே சிரித்துக்கொண்டு, “நாளைக்கும் வாங்க, நாளன்னிக்கும் வாங்க, அப்பத்தான் எங்க பொழப்பு தெரியும்” என்றார். அன்றுமுதல் முதல் நாள் தாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தொடர்ச்சியில்லாத மூன்று நாள்களை எடுத்துக்கொள்வது நல்லது. அவற்றுள் ஒன்று தடுப்பூசி நாளாகவோ எடை எடுக்கும் நாளாகவோ இருக்கட்டும்.

நேரத்துக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்கு ஆய்வுச் சான்று ஒன்று இருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளிலேயே நடந்தது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் அவற்றுள் பாதி மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தும் சோதனையை அரசின் ஒத்துழைப்போடு நடத்தினார்கள். கூடுதல் பணியாளர் வந்த மையங்களில் கற்பித்தல் நேரம் இருமடங்கானது. 18 மாதங்களுக்குப் பின், மையத்திலேயே தொடர்ந்து படித்த குழந்தைகளின் கணித மதிப்பெண் 0.29 திட்ட விலக்கமும் மொழி மதிப்பெண் 0.46 திட்ட விலக்கமும் கூடியிருந்தன. ஏற்கெனவே இருந்த பணியாளர் தம் நேரத்தின் ஒரு பகுதியை ஊட்டச்சத்துப் பணிகளுக்கும் பதிவேட்டுக்கும் திருப்பிக்கொள்ள முடிந்தது. வயதுக்கேற்ற உயரமின்மையும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் அந்த மையங்களில் குறைந்தன. கல்விக்காகச் சேர்த்த ஒருவரால் குழந்தைகளின் உடல்நலமும் தேறியது என்பது, ஒரே பணியாளரின் தலைமேல் நாம் எவ்வளவு ஏற்றிவைத்திருக்கிறோம் என்பதற்குச் சான்று.

திட்ட விலக்கம் என்ற சொல்லைக் கண்டு மலைக்க வேண்டாம். நூறு குழந்தைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் நடுவில், அதாவது கீழிருந்து 50ஆவது இடத்தில், நிற்கும் குழந்தையை எண்ணிக்கொள்ளுங்கள். 0.29 உயர்வு அக்குழந்தையை ஏறத்தாழ 61ஆவது இடத்துக்கும், 0.46 உயர்வு ஏறத்தாழ 68ஆவது இடத்துக்கும் நகர்த்தும். இனி எந்த ஆய்வைப் படித்தாலும் இந்த வரிசையை மனத்தில் நிறுத்திக்கொண்டால் எண் பேசத் தொடங்கும்.

கூடுதல் பணியாளரை அமர்த்துவது உங்கள் கையில் இல்லை என்பது உண்மை. ஆனால் 35 நிமிடத்தை 60 நிமிடமாக்குவது பல மையங்களில் முடியக்கூடியதே: செயலியில் பதியும் வேலையைக் குழந்தைகள் தூங்கும் நேரத்துக்குத் தள்ளுவது, உதவியாளர் சமையலைத் தொடங்கும் முன் அரைமணி நேரம் அவரையும் கதைக்கு உட்கார வைப்பது, பார்வையாளர்களைப் பதினோரு மணிக்கு மேல் வரச் சொல்வது போன்ற சிறு மாற்றங்கள் நேரத்தாளைப் பார்த்தபின்தான் தோன்றும்.

மையத்தின் சூழலையும் மதிப்பிட விரும்பினால், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டுச் சூழலுக்கென்று உருவாக்கிய ‘டெசெர்ஸ்’ என்னும் மதிப்பீட்டு அளவுகோல் இருக்கிறது. வெளிநாட்டு அளவுகோல்களை அப்படியே எடுத்து, கூரையடியில் நடக்கும் மையத்துக்கு ‘தனித்தனி விளையாட்டு மூலைகள் இல்லை’ என்று மதிப்பெண் குறைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

குழந்தையோடு உட்கார்ந்து பார்த்தல்

நேரம் தெரிந்த பிறகு குழந்தையிடம் போகலாம். இதைத் தேர்வு என்று மனத்தளவில்கூட நினைக்க வேண்டாம். குழந்தைக்குப் பழகிய ஒருவர், பழகிய இடத்தில், காலை வேளையில், பத்து நிமிட விளையாட்டாக நடத்த வேண்டிய செயல் இது. பசியோடும் தூக்கத்தோடும் இருக்கும் குழந்தையின் விடை பசியையும் தூக்கத்தையும்தான் காட்டும்.

எண்ணறிவுக்கு, ஒன்று முதல் இருபது வரை ஒப்பிக்கச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டைகளைக் கொட்டி, “எனக்கு ஏழு கொட்டை எடுத்துக் கொடு” என்று கேளுங்கள். இருபது வரை கடகடவென்று சொல்லும் குழந்தைகளில் பலர் இங்கே தடுமாறிக் கைநிறைய அள்ளித் தருவார்கள். எண்களைத் தமிழில் சொன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். இடைக்குறிப்பாக ஒன்று: ‘பதினொன்று’ என்னும் தமிழ்ச் சொல்லுக்குள் பத்தும் ஒன்றும் வெளிப்படையாகத் தெரிகின்றன, ‘லெவன்’ என்பதில் தெரிவதில்லை, பத்தைத் தாண்டும் இடத்தில் தமிழ் எண்களைப் பழக்குவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

மொழிக்கு, ஒரு சந்தைக் காட்சியையோ வயற்காட்சியையோ காட்டிப் பேசச் சொல்லலாம். குழந்தை எத்தனை பெயர்ச்சொற்களைச் சொன்னது என்பதைவிட, இரண்டு நிகழ்ச்சிகளை இணைத்து ஒரு வாக்கியமாகச் சொன்னதா என்று கவனியுங்கள். அதன்பின் ஒலி விளையாட்டு: ‘பூட்டு, மாடு - இதுல எது பூனை மாதிரி ஆரம்பிக்குது?’ என்று கேட்பது. எழுத்தைப் பார்க்காமலேயே ஒலியைப் பிரித்தறியும் இத்திறன், பின்னால் எழுத்தை ஒலியோடு பொருத்திப் படிப்பதற்கு அடிப்படை. வண்ணம் அல்லது அளவுப்படி பிரித்து வைத்தல், கோலப்புள்ளி போல ஒரு வரிசையைத் தொடர்ந்து செல்லுதல், நான்கு துண்டுப் படத்தைப் பொருத்துதல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டு, குழந்தைகளின் கற்றல் நிலையை நாடளவில் ஆராயும் ‘அசர்’ அமைப்பு நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், இத்தகைய சிந்தனைச் செயல்களை நன்றாகச் செய்த குழந்தைகளே தொடக்கநிலை மொழியிலும் எண்ணிலும் நன்றாகச் செய்தார்கள். எழுதப் பழக்குவதற்கு அவசரப்படும் பெற்றோரிடம் பேசும்போது இந்தச் செய்தி உதவும்.

தமிழில் மதிப்பிடும்போது தனிக் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. நம் எழுத்து மொழியும் பேச்சு மொழியும் வேறு வேறு. ‘பூன’, ‘மரத்துல’, ‘போயிட்டுச்சு’ என்று பேசும் குழந்தை பிழையாகப் பேசவில்லை. தன் வீட்டு மொழியைச் சரியாகப் பேசுகிறது. கேள்வியை நூல் நடையில் கேட்டுவிட்டு, குழந்தை விழித்தால் ‘புரிந்துகொள்ளும் திறன் குறைவு’ என்று எழுதுவது மதிப்பிடுபவரின் பிழை. கேள்விகளை அந்த ஊர்ப் பேச்சிலேயே முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கமும் கோவைப் பக்கமும் ஒரே தாள் ஒத்துவராது. திருப்பூர், சென்னைப் புறநகர் போன்ற இடங்களில் இந்தியோ ஒடியாவோ பேசும் வீட்டுக் குழந்தைகள் இருப்பார்கள். அவர்களின் வீட்டு மொழி தெரிந்த ஒருவரை உடன்வைத்துக்கொள்ள முடியாவிட்டால் மொழிப் பகுதியைச் செய்யாமல் விடுங்கள். தவறான எண்ணைவிட வெற்றுக் கட்டம் நல்லது.

கூட்டாகப் பாடுவதைக் கண்டு ஏமாறுவதும் புதியவர்களின் வழக்கம். இருபது குழந்தைகள் சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போது ஆறு குழந்தைகளுக்கு மட்டும் தெரிந்திருந்தாலும் இருபதுக்கும் தெரிந்தது போலவே கேட்கும். ஆகவே ஒவ்வொரு குழந்தையையும் தனியாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எல்லோரையும் பார்க்க நாள் போதாதென்றால், பெயர்ச் சீட்டுகளைக் குலுக்கி எட்டுப் பேரை எடுங்கள். பணியாளரையே ‘எட்டுக் குழந்தைகளை அழைத்து வாருங்கள்’ என்று கேட்டால் எந்த எட்டுப் பேர் வருவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தொடங்கும் முன் ஒரு பயிற்சி கட்டாயம். இருவர் சேர்ந்து உட்கார்ந்து ஒரே குழந்தைக்குத் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். ஐந்து குழந்தைகளுக்கு இப்படிச் செய்தபின் தாள்களை ஒப்பிடுங்கள். பத்துச் செயல்களில் எட்டுக்குக் குறைவாக ஒத்துப்போனால், குழந்தைகளிடம் போவதற்கு முன் நீங்கள் இருவரும் மீண்டும் பேச வேண்டும்.

எண்களைப் பார்த்து அவசரப்படாமல் இருத்தல்

ஜூலையில் பார்த்தீர்கள், டிசம்பரில் மறுபடி பார்த்தீர்கள், எல்லாம் கூடியிருக்கிறது. மகிழ்ச்சியடையும் முன் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: ஐந்து மாதத்தில் குழந்தை சும்மா இருந்தாலும் வளரும். கூடியதில் எவ்வளவு வயதால் வந்தது, எவ்வளவு உங்கள் மாற்றத்தால் வந்தது என்று பிரிக்க, மாற்றம் செய்யாத மையங்களின் எண்ணும் தேவை.

கடைசியில் நின்ற ஐந்து குழந்தைகளுக்கு மட்டும் தனிப் பயிற்சி கொடுத்து, அவர்கள் முன்னேறியதைக் காட்டுவது இன்னொரு கண்ணி. ஜூலையில் அந்த ஐவரில் ஒருவர் காய்ச்சலில் இருந்திருக்கலாம், ஒருவர் புதிதாகச் சேர்ந்து அழுதுகொண்டிருந்திருக்கலாம். பயிற்சியே கொடுக்காவிட்டாலும் டிசம்பரில் அவர்களுள் இருவர் மேலே வந்திருப்பார்கள். அதேபோல 25 குழந்தைகள் உள்ள மையத்தில் ஒரு குழந்தை என்பது 4 விழுக்காடு. ‘8 விழுக்காடு உயர்வு’ என்று அறிக்கையில் எழுதும்போது இரண்டு குழந்தைகளைப் பற்றித்தான் பேசுகிறோம்.

எல்லாவற்றிலும் மறைந்து நிற்பது, இடையில் போய்விட்ட குழந்தைகள். செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு போனவர்களும் தனியார் மழலையர் பள்ளிக்கு மாறியவர்களும் டிசம்பர்க் கணக்கில் இருக்க மாட்டார்கள். மீதி இருப்பவர்களின் சராசரி, கற்பித்தல் மாறாமலேயே மேலேயோ கீழேயோ நகரும். மேலே சொன்ன தமிழ்நாட்டு ஆய்வின் 0.29, 0.46 என்ற எண்களும் மையத்தில் தொடர்ந்த குழந்தைகளுக்குரியவை என்பதை அதனால்தான் சேர்த்துச் சொன்னேன்.

பிறர் ஆய்வுகளைப் படித்தல்

முன்பருவக் கல்வியைப் பற்றிய எந்த மேடைப் பேச்சிலும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரில் 1962ஆம் ஆண்டு தொடங்கிய ‘பெர்ரி’ பாலர் பள்ளி ஆய்வு வந்துவிடும். வறுமையில் வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகளைக் குழுக்களாகப் பிரித்து, 58 பேருக்கு மட்டும் முன்பருவக் கல்வி கொடுத்து, அவர்கள் நடுவயதை எட்டும் வரை பின்தொடர்ந்தார்கள். கல்வி பெற்றவர்கள் 40 வயதில் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், குற்றச் செயல்களில் குறைவாக ஈடுபட்டார்கள். இந்த முடிவை மேற்கோள் காட்டுவோர் பலரும் விட்டுவிடும் செய்தி, அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் சிறு வகுப்புகளில் கற்பித்ததோடு, வாரந்தோறும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் சென்று தாயோடு அமர்ந்தார்கள் என்பது.

இதற்கு நேரெதிரே டென்னசி மாநில அரசின் முன்பருவக் கல்வித் திட்டத்தை வைத்துப் பாருங்கள். இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்த பள்ளிகளில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும், ஏறத்தாழ 3,000 குழந்தைகளை, வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, முன்பருவக் கல்வியில் இடம் கிடைத்த குழந்தைகளே ஆறாம் வகுப்பை எட்டியபோது தேர்வுகளில் பின்தங்கியிருந்தார்கள். முன்பருவக் கல்வி என்ற பெயர்ப்பலகை ஒன்றே. உள்ளே நடப்பது வேறு.

இந்தியாவில், அம்பேத்கர் பல்கலைக்கழகமும் அசர் மையமும் 2011 முதல் ராஜஸ்தான், அசாம், அன்றைய ஆந்திரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் 14,000 அளவிலான நான்கு வயதுக் குழந்தைகளை எட்டு வயது வரை பின்தொடர்ந்தன. ஐந்து வயதில் பள்ளிக்குத் தயாராக இருந்தவர்கள் மிகக் குறைவு என்பதும், குழந்தைகள் கொள்கைத் தாளில் உள்ளபடி படிப்படியாக ஏறாமல் அங்கன்வாடி, தனியார் பள்ளி, முதல் வகுப்பு என்று முன்னும் பின்னும் மாறிக்கொண்டிருந்தார்கள் என்பதும் அதில் தெரிந்தன.

ஆகவே எந்த ஆய்வை எடுத்தாலும், ஒப்பீட்டுக் குழு எப்படி அமைந்தது, குழந்தைகளுக்கு நாள்தோறும் உண்மையில் என்ன நடந்தது, அது உங்கள் மையத்தில் நடக்கக்கூடியதா என்று பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லாத ஆய்வுச் சுருக்கத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

ஒரே ஒரு மாற்றம், குலுக்கல் முறையில்

ஒரு மேற்பார்வையாளரின் பொறுப்பில் 20 மையங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நேரத்தாள்களைப் பார்த்தபின், நாள்தோறும் அரைமணி நேரக் கதை உரையாடல் என்ற மாற்றத்தைத் தேர்ந்திருக்கிறீர்கள். மையங்களின் பெயர்களை எழுதி ஒரு குடத்தில் போட்டு, பணியாளர் கூட்டத்திலேயே ஒரு குழந்தையைக் கொண்டு பத்துச் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையை அறிந்த ஊரில் இதை யாருக்கும் விளக்கத் தேவையிருக்காது. முதல் பத்து மையங்கள் இந்தப் பருவத்தில் தொடங்கட்டும், மற்றப் பத்தும் அடுத்த பருவத்தில் தொடங்கும் என்பதை அப்போதே அறிவித்துவிடுங்கள். ஆர்வமுள்ள பணியாளர்களை மட்டும் முதலில் எடுத்தால், பலன் கதையால் வந்ததா அவர்களின் ஆர்வத்தால் வந்ததா என்று கடைசிவரை தெரியாது.

இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் புகுத்த வேண்டாம். மாற்றம் உண்மையில் நடக்கிறதா என்பதை மாதம் ஒரு முறை அதே ஐந்து நிமிடத் தாளால் சரிபாருங்கள். பருவ முடிவில் எண் கூடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான். பல நேரங்களில் மாற்றம் தோற்றிருக்காது, நடந்திருக்கவே நடந்திருக்காது.

இசைவும் இரகசியமும்

பெற்றோரிடம் எதற்காக, எதை, எவ்வளவு காலம் பதிவு செய்கிறீர்கள் என்று அவர்கள் மொழியில் சொல்லி இசைவு பெறுங்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குழந்தைகளின் தரவுக்குப் பெற்றோரின் இசைவை வேண்டுகிறது. மதிப்பெண் தாளில் பெயருக்குப் பதிலாக எண் இருக்கட்டும். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் ஒரே ஒருவரிடம் பூட்டி இருக்கட்டும். தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

பத்து நிமிட விளையாட்டை வைத்து எந்தக் குழந்தைக்கும் ‘மந்தம்’ என்று பெயர் சூட்டக் கூடாது. ஆனால் அழைத்தால் திரும்பாத குழந்தை, வயதுக்குரிய சொற்கள் ஒன்றுமே வராத குழந்தை, மேற்கையின் நடுச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள குழந்தை ஆகியோரை உங்கள் ஆய்வு முடியும் வரை காத்திருக்க வைக்கவும் கூடாது. அன்றே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, தேவையானால் மாவட்ட அளவிலான ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். இங்கே ஒப்பீட்டுக் குழு என்ற பேச்சுக்கே இடமில்லை.

திருப்பிக் கொடுத்தல்

கிடைத்ததை முதலில் பணியாளருக்குச் சொல்லுங்கள், பிறகு மேலே அனுப்புங்கள். இந்த வரிசை மாறினால் அடுத்த முறை உங்களுக்கு உண்மையான எண் கிடைக்காது. பிற மையத்தோடு ஒப்பிடாமல், அவருடைய மையத்தின் ஜூலையையும் டிசம்பரையும் ஒரே பக்கத்தில் மூன்று வரிகளில் எழுதிக் கொடுப்பது நல்லது: எது கூடியது, எது அப்படியே இருக்கிறது, அடுத்த மாதம் எதை முயலலாம்.

பெற்றோர் கூட்டத்தில் விழுக்காடுகள் வேண்டாம். ‘எழுத வருகிறதா’ என்று அவர்கள் கேட்பார்கள். அதில் குற்றமில்லை, எழுத்துத்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும் சான்று. அவர்கள் முன்னிலையிலேயே புளியங்கொட்டைக் கிண்ணத்தை வைத்து, குழந்தையை ஏழு கொட்டை எடுக்கச் சொல்லிக் காட்டுங்கள். பாட்டியிடம் கதை கேட்டுவிட்டு மறுநாள் மையத்தில் சொல்லும்படி குழந்தையை அனுப்புங்கள் என்று ஒரே ஒரு வேண்டுகோளை வையுங்கள்.

ஊரைவிட்டுப் போகும் குடும்பத்துக்கு இன்னொன்றும் செய்யலாம். குழந்தையின் பிறந்த தேதி, கடைசி எடையும் உயரமும், போட்ட தடுப்பூசிகள், எந்தக் கதையும் பாட்டும் பிடிக்கும், எதுவரை எண்ணத் தெரியும் என்பவற்றை அரைப் பக்கத்தில் எழுதி, தாய் சேய் நல அட்டைக்குள் மடித்து வைத்துக் கொடுத்துவிடுங்கள். சூளைக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் பணியாளர், புதிதாக வந்து வாசலில் நிற்கும் குழந்தையை அந்தத் தாளிலிருந்து தொடங்கிக்கொள்வார்.